உப்புக் காற்றும் இரும்புச் சட்டமும்

வேளாங்கண்ணிக்கு யாத்திரை போகிறவர்கள் எல்லோரும் மேலே பார்க்கிறார்கள். வெண்ணிறக் கோபுரங்கள் கண்ணில் பட்டதும் வண்டியிலிருந்து இறங்குகிறார்கள். கோவிலைத் தரிசித்துவிட்டுக் கடற்கரைக்குப் போகிறார்கள். மணலில் உட்கார்ந்து காற்று வாங்குகிறார்கள். தங்களை அவ்வளவு தூரம் சுமந்து வந்த வண்டியின் அடிப்பாகத்தைக் குனிந்து பார்க்கிறவர் மட்டும் ஒருவருமில்லை. குனிந்து பார்த்தால், தாங்கள் ஆனந்தமாக வாங்குகிற அந்தக் காற்று அங்கே என்ன காரியம் செய்துகொண்டிருக்கிறது என்பது தெரியும்.

அந்தக் காற்றிலே உப்பு இருக்கிறது. இந்தக் கரையோரத்து உப்புக்குச் சரித்திரப் பெருமை உண்டு. 1930-ம் வருஷம் ஏப்ரல் மாதம் ராஜாஜி அவர்கள் சுமார் நூறு தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய வேதாரண்யம், வேளாங்கண்ணிக்குத் தெற்கே இதே கரையில்தான் இருக்கிறது. ஒரு சாம்ராஜ்யத்தின் அஸ்திவாரத்தையே அரித்த உப்பு அது! மோட்டார் வண்டியின் சட்டம் அதற்கு எம்மாத்திரம்?

மூன்று வைத்தியர்கள்

ஆகஸ்டு மாதக் கடைசியில், திருவிழாவின் கொடியேற்றத்துக்கு இன்னும் ஒரு வாரமே இருந்த சமயம். ஒரு பட்டறை வாசலில் வேன் ஒன்று மரக்கட்டைகளின் மேல் ஏறி நின்றது. அதன் சொந்தக்காரர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர். நாகப்பட்டினம், திருவாரூர் ரயிலடிகளிலிருந்து யாத்திரிகர்களை ஏற்றி வருவதுதான் அவருடைய ஜீவனம். ஆகஸ்டு 29-ம் தேதி முதல் செப்டம்பர் 8-ம் தேதி வரையில் நடக்கும் பதினொரு நாள் உற்சவத்தில் கிடைக்கும் வருமானத்தைக் கொண்டுதான் வண்டிக் கடனின் பல மாதத் தவணைகளை அவர் தீர்க்க வேண்டும்.

வண்டியைச் சுற்றிலும் ஆலோசனை சொல்ல ஆட்களுக்குக் குறைவில்லை. ஒருவர், "பேசாமல் தாரைக் காய்ச்சிப் பூசிவிடு, தண்ணீர் உள்ளே புகாது" என்றார். மற்றொருவர், "தாரெல்லாம் எதற்கு? எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயை அடித்துவிடு, காசும் மிச்சம்" என்றார். மூன்றாமவர், "கடையில் துருவை மாற்றுகிற திரவம் ஒன்று விற்கிறான்; தடவினால் துரு கறுத்து நின்றுவிடும்" என்றார்.

பட்டறை மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. வயதானவர். ஒரு சிறு சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டியின் அடியில் நுழைந்தார். முன்புறமிருந்து சட்டத்தைத் தட்டிக்கொண்டே போனார். 'டங், டங்' என்று மணி போல் சத்தம் வந்தது. பின் சக்கரத்தின் ஸ்பிரிங் பட்டை சட்டத்தோடு சேருகிற இடத்துக்கு வந்ததும் சத்தம் 'தொப்' என்று மாறிற்று. மறுபடியும் ஒரு தட்டு. சுத்தியலின் முனை இரும்புக்குள்ளே போய்விட்டது.

"தம்பி, மருந்து எது என்று அப்புறம் பேசலாம். முதலில் நோயாளி உயிரோடிருக்கிறானா என்று பார்க்க வேண்டாமா?" என்றார் மேஸ்திரி.

துரு என்பது என்ன?

இரும்பு துருப்பிடிக்க இரண்டு பொருள்கள் வேண்டும்: தண்ணீர் ஒன்று, காற்றிலுள்ள பிராணவாயு ஒன்று. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் துரு இல்லை. ஈரம் பட்ட இரும்பின் மேற்பரப்பு ஆயிரக்கணக்கான சிறு மின்சாரக் கலங்களாகப் பிரிந்துவிடுகிறது. ஓரிடத்தில் இரும்பு கரைகிறது. பக்கத்து இடத்தில் பிராணவாயு அதற்கு ஈடு கொடுக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஈரத்தின் வழியாக மின்சாரம் ஓடுகிறது. சுத்தமான தண்ணீரில் மின்சாரம் சிரமப்பட்டே ஓடும். உப்புத் தண்ணீரிலோ ராஜபாட்டையில் போவது போல் தாராளமாக ஓடும்.

உப்பு செய்யும் தீங்கு இதோடு நிற்கவில்லை. சமையலறையில் உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவதை எல்லா வீட்டிலும் பார்க்கிறோம். காற்றின் ஈரம் நூற்றுக்கு எழுபத்தைந்து பாகத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு நீர்த்துவிடுகிறது. கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீஷிய உப்புகளோ அதைவிட மிகக் குறைந்த ஈரத்திலேயே நீர்த்துப் போகும். ஆகவே, மழை பெய்யாத நாளிலும், வெயில் காய்கிற பொழுதிலும், உப்புப் படிந்த சட்டத்தின் இடுக்குகள் உண்மையில் உலர்வதே இல்லை. மேலும், உப்பிலுள்ள குளோரின் பகுதி துருவின் அடியிலேயே தங்கி, மேலே பூசிய பெயிண்டைக் கொப்புளமாகத் தூக்கிவிடுகிறது.

துருப்பிடித்த இரும்பு தன் பழைய உருவத்தைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதையும் கவனிக்க வேண்டும். இரண்டு தகடுகளைச் சேர்த்து ஆணியடித்த இடத்தில் துரு புகுந்தால், ஆப்பு வைத்தது போல் தகடுகளையே பிளந்துவிடும். வீட்டுத் தூணில் கம்பி துருப்பிடித்துச் சிமெண்டு வெடிப்பதும் இதே காரணத்தினால்தான்.

இதற்கு ஒரு கணக்கும் உண்டு. அரிமானத்தின் கடுமையைச் சர்வதேசத் தர நிர்ணய ஸ்தாபனத்தார் வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். நடுத்தரமான சூழ்நிலையில் சாதாரண எஃகு முதல் வருஷத்தில் 25 முதல் 50 மைக்ரான் வரையில் தேய்கிறது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். உப்பு மிகுந்த கடற்கரைகளுக்குரிய மிகக் கடுமையான வகுப்பிலோ இது 80 முதல் 200 மைக்ரான். வருஷத்துக்கு நூறு மைக்ரான் என்றே வைத்துக்கொண்டாலும், இரு பக்கமும் அரிபடும் நாலு மில்லிமீட்டர்த் தகடு ஐந்து வருஷத்தில் கால் பங்கை இழந்துவிடும். ஒரே சீராகத் தேய்வதாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. துருவோ ஒரே சீராகத் தின்பதில்லை. குழி குழியாகத் தின்கிறது. அந்தக் குழிகளில் ஒன்றில்தான் மேஸ்திரியின் சுத்தியல் இறங்கிற்று.

கடலோரத்தை விட்டு உள்ளே போகப் போக இந்த உப்பின் வேகம் மிக விரைவாகக் குறைந்துவிடுகிறது. திருவாரூரில் நிற்கும் வண்டிக்கும் வேளாங்கண்ணியில் நிற்கும் வண்டிக்கும் ஆயுளில் வித்தியாசம் தெரிவது இதனால்தான். ஆனால், உள்நாட்டு மிராசுதார்களும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். பொட்டாஷ் உரம் என்று வயலுக்குப் போடுகிறோமே, அதுவும் குளோரின் கலந்த ஒருவகை உப்புதான். உர மூட்டை ஏற்றிய டிராக்டர் டிரெய்லரைக் கழுவாமல் நிறுத்தினால், கடலை வீட்டுக்கே அழைத்து வந்த மாதிரிதான்.

எந்த மருந்து?

இனி அந்த மூன்று வைத்தியர்களின் மருந்துகளையும் ஒவ்வொன்றாய்ப் பரிசீலிப்போம்.

தார்ப் பூச்சு புது இரும்பின்மேல் சிறிது காலம் நன்றாகவே காக்கும். பழைய துருவின்மேல் பூசினால் அது காவல்காரன் அல்ல, திருடனுக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுக்கிறவன். நாளடைவில் தார் இறுகி வெடிக்கிறது; வெடிப்பின் வழியே உப்பு நீர் உள்ளே போகிறது; போன நீர் வெளியே வருவதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சட்டம் கறுப்பாக, பளபளவென்று, புத்தம் புதிதாகவே தோன்றும்!

பழைய எஞ்சின் எண்ணெய் ஈரத்தை ஓரளவு தடுப்பது மெய்தான். ஆனால், அது ரப்பர்ப் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும். எரிந்து கழிந்த எண்ணெயில் உடம்புக்கு ஆகாத பொருள்கள் பல சேர்ந்திருக்கின்றன. புற்றுநோயை உண்டாக்கக்கூடியவையும் அவற்றில் உண்டு. அது சொட்டுகிற மண்ணும், அந்த மண்ணின் கீழுள்ள ஊற்றும் பாழாகின்றன. நமது சர்க்காரின் விதிகளும் அதை அபாயகரமான கழிவாகவே கருதுகின்றன. காசு மிச்சம் என்று சொல்வது சரியல்ல. செலவை அடுத்த வீட்டுக் கிணற்றின் தலையில் கட்டுகிறோம், அவ்வளவுதான்.

துருவை மாற்றும் திரவம் என்பது பெரும்பாலும் பாஸ்பாரிக் அமிலம் அல்லது டானிக் அமிலம் சேர்ந்தது. இரண்டாவது நமக்குப் புதிதல்ல. கடுக்காயை ஊறவைத்த நீரில் அன்னபேதியைச் சேர்த்தால் கறுப்பு மை உண்டாகும் என்பது நம் பாட்டனார்களுக்குத் தெரிந்த விஷயம். கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணமான சத்து இரும்போடு சேர்ந்து கருநீலப் பொருளாகிறது. கடையில் விற்கும் திரவம் துருவைக் கறுப்பாக்குவதும் இதே வித்தைதான். மெல்லியதாய், உறுதியாய் ஒட்டிக்கொண்டிருக்கும் துருவுக்கு இது நல்ல மருந்து. அடுக்கடுக்காய்ப் பெயர்ந்து வரும் துருவுக்குப் பிரயோஜனமில்லை. மேலடுக்கு மட்டும் கறுக்கும், அடியில் உப்பு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மாற்றிய பிறகும் அதன்மேல் பெயிண்டு கட்டாயம் வேண்டும்.

எல்லாப் பட்டறைகளிலும் அடிக்கும் ரெட் ஆக்ஸைடு பிரைமரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதன் சிவப்பு நிறம் இரும்பு ஆக்ஸைடின் நிறம். துருவுக்கு மிக நெருங்கிய உறவு! நுண்பொடியாக்கி எண்ணெயில் குழைத்துவிட்டதால் அது சாதுவாகிவிட்டது. ஆனால் அது வெறும் மறைப்பே ஒழிய, துருவை எதிர்த்துப் போராடும் சக்தி அதற்கு இல்லை. பழைய காலத்தில் பாலங்களுக்கும் கப்பல்களுக்கும் பூசிய ஈயச் செந்தூரம் அந்த விதத்தில் சிறந்தது. ஆயினும் ஈயம் விஷம். சுரண்டும்போது பறக்கும் தூளைச் சுவாசிக்கும் தொழிலாளிக்கும், அவன் உடுப்பில் ஒட்டி வருவதைத் தொடும் குழந்தைக்கும் அது கெடுதல். வீட்டுப் பெயிண்டுகளில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குமேல் சேர்க்கலாகாது என்று 2016-ல் சர்க்கார் விதி செய்ததும் இதனால்தான். வண்டிச் சட்டத்துக்கும் ஈயம் வேண்டாம். துத்தநாக பாஸ்பேட் கலந்த எபாக்ஸி பிரைமர் இன்று தாராளமாகக் கிடைக்கிறது.

துத்தநாகத்தின் பெருமையைத் தனியே சொல்ல வேண்டும். இரும்போடு ஒட்டியிருக்கும் துத்தநாகம், இரும்புக்கு வரும் அரிமானத்தைத் தானே ஏற்றுக்கொண்டு கரைகிறது. 1837-ல் பிரான்ஸ் தேசத்து ஸொரெல் என்பவர் உரிமை பெற்ற முறைப்படி, சுமார் 450 டிகிரி உஷ்ணத்தில் உருகிய துத்தநாகத்தில் இரும்பை முக்கி எடுக்கிறார்கள். மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர் கனமுள்ள எஃகில் சராசரி 70 மைக்ரான் துத்தநாகம் ஏற வேண்டும் என்பது தரம். கடுமையான கடற்கரையிலும் வருஷத்துக்கு 4 முதல் 8 மைக்ரான்தான் தேயும் என்றால், எட்டு முதல் பதினாறு வருஷம் கவலையில்லை. ஆனால், ஓடிய வண்டிக்கு இதைச் செய்ய வேண்டுமானால் சட்டத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். புதிதாகச் செய்யும் டிரெய்லருக்கும் படகு வண்டிக்குமே இது ஏற்றது. துத்தநாகப் பொடி நிறைந்த பிரைமரையும் எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். வெள்ளி போல் மின்னும் வெற்று இரும்பில் பட்டால்தான் அது வேலை செய்யும். துருவின்மேல் பூசினால் துத்தநாகத்துக்கும் இரும்புக்கும் சம்பந்தமே ஏற்படாது, தியாகம் செய்ய வந்தவன் வாசலிலேயே நின்றுவிடுவான்.

கடைசியாக, மெழுகும் ஆட்டு ரோமக் கொழுப்பும் சேர்ந்த பூச்சுகள். இவை இறுகுவதில்லை, இடுக்குகளில் ஊர்ந்து செல்லும். பிரஷ் நுழையாத பெட்டிச் சட்டத்தின் உட்புறத்துக்கு இவற்றைப் போன்ற மருந்து வேறில்லை. ஆனால் வருஷந்தோறும் புதுப்பிக்க வேண்டும்.

பாம்பனும் காரைக்குடியும்

இது ஏழை வேன்காரர் ஒருவரின் தொல்லை மட்டும் என்று எண்ணலாகாது. அமெரிக்காவில் 15 லட்சம் டொயோட்டா வண்டிகளின் சட்டத் துருவைப் பற்றிய வழக்கு 2016-ல் சமரசத்துக்கு வந்தது. சட்டங்களைப் பரிசோதித்து, கெட்டவற்றை மாற்றித் தரக் கம்பெனி ஒப்புக்கொண்டது. நம் பாம்பனிலோ 1914-ல் திறந்த ரயில் பாலம் நூறு வருஷத்துக்கு மேல் உப்புக் காற்றோடு மல்லுக்கட்டிற்று. இடைவிடாமல் சுரண்டியும் பெயிண்டு அடித்தும் அதைக் காத்து வந்தார்கள். கப்பலுக்கு வழிவிடும் தூக்குப் பகுதியில் துரு முற்றவே, 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறந்த புதிய பாலத்துக்குப் பாலிஸிலாக்ஸேன் என்னும் விசேஷப் பூச்சு பூசியிருக்கிறார்கள்.

இத்தகைய கேள்விகளுக்கெல்லாம் அந்நிய நாட்டாரின் புஸ்தகத்தையே புரட்டிக்கொண்டிராமல் நாமே விடை காண வேண்டும் என்று நினைத்த ஒரு தமிழர் இருந்தார். வள்ளல் அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்ச ரூபாயும் கொடுத்ததன் பலனாக, காரைக்குடியில் மத்திய மின்ரஸாயன ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. சுதந்திரம் வந்து ஒரு வருஷம்கூட ஆகாத 1948 ஜூலை 25-ம் தேதி, பண்டித நேரு அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ம் தேதி, பொங்கல் சமயத்தில், டாக்டர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். மண்டபம் கடற்கரையில் இரும்புத் தகடுகளை உப்புக் காற்றில் வைத்து, அவை எவ்வளவு அரிபட்டன என்று எடை போட்டுப் பார்த்தவர்கள் அந்த நிலையத்தார். நம் தேசத்தில் எங்கெங்கே அரிமானம் எவ்வளவு என்று காட்டும் பூகோளப் படமே தயாரித்திருக்கிறார்கள். பஞ்சாபுக்குச் சரிப்படும் பெயிண்டு வேளாங்கண்ணிக்குச் சரிப்படாது என்ற எளிய உண்மைக்கு அந்தப் படமே சாட்சி.

மேஸ்திரியின் தீர்ப்பு

திரும்பவும் பட்டறைக்கு வருவோம். வேன்காரரின் முகம் வாடிவிட்டது. "மேஸ்திரி, திருவிழா முடிகிற வரையில் மட்டும் ஓட்டிக்கொள்கிறேன். ஒரு பட்டையை வைத்து ஒட்டி, மேலே எதையாவது பூசிக் கொடுங்கள். பதினொரு நாள்தானே?" என்றார்.

"தம்பி, வண்டியில் எத்தனை பேரை ஏற்றுவாய்?"

"பன்னிரண்டு பேர்."

"கைக்குழந்தையைக் கணக்கில் சேர்த்தாயோ? நேர்த்திக்கடன் செலுத்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இந்த ஸ்பிரிங் சட்டத்தை நம்பி உட்காரப் போகிறார்கள். உளுத்த இரும்பில் ஒட்டுகிற பட்டை, பக்கத்து உளுத்த இரும்போடு சேர்ந்துதான் பிய்ந்து வரும்."

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு வேன்காரர், "எத்தனை நாளாகும்?" என்று மட்டும் கேட்டார்.

துரு மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் முதல் விதியை மேஸ்திரி அன்று காட்டிவிட்டார்: தின்றுபோன இரும்பை எந்த மருந்தும் திருப்பித் தராது. நல்ல இரும்பு தென்படும் வரையில் கெட்ட பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, அதே கனமுள்ள புதுத் தகட்டை வைத்து வெல்டிங் செய்தார்கள். மற்ற இடங்களில் அடுக்குத் துருவைத் தட்டி உதிர்த்து, கம்பிப் பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்தார்கள். உப்பை விரட்டும் காகிதத்துக்கு 'உப்புத்தாள்' என்று பெயர் அமைந்தது வேடிக்கைதான்!

அடுத்து நல்ல தண்ணீரால் பலமுறை கழுவினார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. கடலோரத்துக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பு. அந்த நீரால் கழுவுவது அழுக்கை அழுக்கால் துடைப்பதாகும். குடிநீரோ, பிடித்து வைத்த மழைநீரோதான் வேண்டும். நன்றாய் உலர்ந்தபின், முற்பகலில், பனி ஈரம் போனதும் கடற்காற்று கிளம்புவதற்கு முன்னும் உள்ள சில மணி நேரத்தில் பிரைமர் அடித்தார்கள். துரு முழுதும் போகாத மெல்லிய இடங்களுக்கு மாற்றும் திரவம். வெளிப்பக்கத்துக்கு எபாக்ஸி பிரைமரும் இரண்டு கை மேற்பூச்சும். பெட்டிச் சட்டத்தின் உள்ளே மெழுகுப் பூச்சு. நீர் வடிவதற்கென்று சட்டத்தில் இருந்த துவாரங்கள் சேற்றால் அடைபட்டிருந்தன. அவற்றைக் குத்தித் திறந்துவிட்டார்கள். இந்தக் கடைசி வேலைக்குக் காலணாச் செலவில்லை. ஆனால் அதைச் செய்யாததால்தான் பாதிச் சட்டம் உள்ளிருந்தே உளுத்துப் போகிறது.

கொடியேற்றத்தன்று அந்த வேன் ஓடவில்லை. அடுத்த நாலு நாளும் ஓடவில்லை. அந்த நாட்களின் வருமானம் போனது போனதுதான். ஒரு தவணை பின்தள்ளிப் போயிற்று. ஐந்தாம் நாளுக்குப் பிறகு வண்டி சாலைக்கு வந்தது.

வருஷா வருஷம் வடகிழக்கு மழை ஓய்ந்தபின் தை, மாசி மாதங்களில் அடிப்பாகத்தைப் பார்த்து மெழுகைப் புதுப்பிப்பது, மாலையில் கடற்கரைச் சாலையிலிருந்து திரும்பியதும் இரண்டு குடம் நல்ல தண்ணீரை அடியில் வீசுவது என்று அவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறார். விலை உயர்ந்த மருந்தைவிட இந்த இரண்டு குடம் தண்ணீருக்கே பலன் அதிகம் என்பது மேஸ்திரியின் அபிப்பிராயம்.

அடுத்த முறை வேளாங்கண்ணிக்குப் போகும் நேயர்கள், கோபுரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் குனிந்து வண்டியின் அடியையும் பார்க்கட்டும். கறுப்பாய்ப் பளபளவென்றிருந்தால் திருப்திப்பட்டுவிடாமல், ஒரு சிறு கல்லால் தட்டிப் பார்க்கட்டும். 'டங்' என்று மணி போல் ஒலித்தால், வண்டிக்காரரிடம் இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு நிம்மதியாக ஏறி உட்காரலாம்.